நான்காவது சாக்கு

அவர் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். மெல்ல நடந்து பின்பக்கம் போய் முதுகைப் பார்ப்பார். பிடரி எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை கண்ணாலேயே சாண் போடுவார். அதன் பிறகுதான் முன்னால் வந்து ஊர், பேர் விசாரிப்பார்.

என்னையும் அப்படித்தான் பார்த்தார். பாபநாசத்துக்கு மேலே ஆற்றை அளக்கப் போகும் குழுவுக்குக் குமாஸ்தாவாக நான் போய் இறங்கிய முதல் நாள் அது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கையில் குடை, கக்கத்தில் நான்கு பதிவேடுகள். என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பிள்ளைவாளுக்குக் கோழி போதும்" என்றார். பக்கத்தில் நின்ற சுமைகாரர்கள் சிரித்தார்கள். சைவ வீட்டுக்காரனான என்னைக் கோழி தின்னச் சொல்வதாக நினைத்து நான் முகத்தைச் சுளித்தேன்.

கோழி என்பது ஒரு சாக்கின் பெயர். அவரிடம் மூன்று அளவில் முதுகுச் சாக்குகள் இருந்தன: கோழி, ஆடு, கன்று. மூன்றையும் அவருடைய மனைவிதான் தைப்பாள். இரட்டைக் கோணி, உள்ளே மெழுகுத்துணி, தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வார். அவரையும் சேர்த்து இருபது சுமைகாரர்கள், அவர் தலைவர். யாருக்கு எந்தச் சாக்கு என்று தீர்மானிப்பது அவர் வேலை. அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஆள் பிடிப்பதற்காக. அவர் செய்ததோ இந்த ஒரு வேலையைத்தான். மற்றதெல்லாம் போகிறபோக்கில் நடந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய மக்கள் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. நடந்ததை யாருக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பதினோரு வருஷமாக நினைத்து, பதினோரு வருஷமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

தாமிரபரணி மலையடிவாரத்துக்கு மேலே ஒரே ஓட்டமாக இருப்பதில்லை. கசம் என்று சொல்லும் ஆழமான நீர்த்தேக்கம் ஒன்று வரும். அதன் தலைமாட்டில் தண்ணீர் உடைந்து விழும் பாறைக்கட்டு. அதற்கு மேலே இன்னொரு கசம். நாங்கள் போன தூரத்தில் நான்கு கசங்களும் ஐந்து பாறைக்கட்டுகளும் இருந்தன. கசத்தைப் பரிசலில் கடக்க வேண்டும். பாறைக்கட்டு வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி முதுகில் ஏற்றி, பரிசலையும் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். மேலே போனதும் மறுபடி பரிசல். அரிசி, புளி, கருவாடு, கூடாரத் துணி, அளவுச் சங்கிலி, இரும்பு முளை, மண்ணெண்ணெய் டப்பா எல்லாம் இப்படித்தான் போகும். தை மாதம் தொடங்கினால் வைகாசி முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். சாரல் பிடித்துவிட்டால் அந்தப் பாறைகளில் காக்கை கூட நிற்காது.

சாக்கை அவர் நிறுத்துப் பார்த்ததே இல்லை. தராசு என்னிடம் இருந்தது, அது அவருக்குத் தேவைப்படவில்லை. சாக்கின் வாய் பிடரிக்கு மேலே போகக் கூடாது, போனால் ஏறுகிறவன் அண்ணாந்து பாறையைப் பார்க்க முடியாது. அடி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது, தொங்கினால் காலைத் தூக்கி வைக்கும்போது இடிக்கும். சாக்கு முழுவதும் நிறைந்திருக்க வேண்டும், அரைகுறையாக இருந்தால் உள்ளே சாமான் ஆடி ஆளைச் சாய்க்கும். இவ்வளவும் பார்த்துவிட்டுச் சாக்கை ஒருவன் முதுகில் மாட்டுவார்.

"ஒக்காருலே."

அவன் தரையில் உட்காருவான்.

"எந்திரி. கையை ஊனாத. எவனையும் பிடிக்காத."

தானாக எழுந்தால் அது அவன் சாக்கு. எழ முடியாவிட்டால் சாமானைக் குறைக்க மாட்டார், அடுத்த சின்ன அளவைக் கொடுப்பார். "பெரிய சாக்கைக் குடுத்துட்டு கொறைச்சு வையின்னா எவன் கேக்குதான்? எடம் கெடந்தா மனுசன் அதுல எதையாவது திணிப்பான்" என்பார். எனக்கும் இந்தச் சோதனை நடந்தது. என் பதிவேடுகளைக் கோழிச் சாக்கில் போட்டு மாட்டிவிட்டார். நான் மூன்றாம் முயற்சியில் எழுந்தேன். அவர் ஒரு வினாடி யோசித்துவிட்டுக் குடையைப் பிடுங்கித் தன் சாக்கில் செருகிக்கொண்டார். அந்த மூன்று கோடையும் என் குடை அவர் முதுகில்தான் இருந்தது.

சுடலை என்று ஒருவன் இருந்தான். குழுவிலேயே பலசாலி. நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து வைத்தது போல நெஞ்சு. அவனுக்கு ஆடுதான் கிடைத்தது, கன்று கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த ஒல்லிப்பயலுக்குக் கன்னு, எனக்கு ஆடா?"

"ஒனக்கு நெஞ்சுதான்லே அகலம். முதுகு குட்டை. கன்னு ஒன் பிட்டத்துல இடிக்கும்."

"இடிச்சா எனக்குத்தான வலிக்கும்?"

"வலிக்கது ஒனக்கு. நீ உருண்டா, பின்னால வாரவன் மேலல்லா விழுவ?"

இரண்டு நாள் சுடலை அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய தங்கை கல்யாணம் வந்தது. எல்லோரும் போனோம். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்க, இவர் சந்தனம் பூசிக்கொள்ளும் சாக்கில் பின்னால் போய் நின்றார். பிறகு பெண்ணின் தாயாரிடம் வந்து மிகவும் மரியாதையாக, "ஆடு. நல்ல ஆடு. இடது தோளு மட்டும் கொஞ்சம் எறக்கம்" என்றார். அந்த அம்மாள் திகைத்து நின்றாள். சுடலை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதோடு கோபம் போயிற்று.

இரண்டாம் கோடையில் ஆள் போதவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து நெல்மூட்டை சுமக்கிறவர்கள் ஆறு பேரை நானே கூட்டிவந்தேன். ஒவ்வொருவனும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு இவர் கொடுக்கும் ஆட்டைப் போல இரண்டு மடங்கு சுமப்பான். ஆட்டுச் சாக்கைப் பார்த்து, "இது எங்க ஊருல பொம்பளையாளு சுமை" என்று கேலி செய்தார்கள். அவர் அப்போது கீழே பரிசலுக்குத் தோல் மாற்றிக்கொண்டிருந்தார். நான் சரி என்று தலையசைத்தேன். இரண்டு நடையில் போக வேண்டியது ஒரு நடையில் போகும் என்பது என் கணக்கு.

முதல் பாறைக்கட்டில் பாதி ஏறியதும் முன்னால் போனவன் நின்றான். நின்று, கீழே பார்த்து, "கல்லு எங்க அண்ணாச்சி இருக்கு?" என்று கூப்பிட்டான்.

அவன் கேட்டது சுமைதாங்கிக் கல்லை. சமவெளியில் சாலையோரம் ஆங்காங்கே இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல் போட்டிருக்கும். தலைச்சுமையைக் குனியாமல் அதன்மேல் தள்ளலாம், இளைப்பாறிவிட்டு யார் உதவியும் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் பிறந்தது முதல் சுமந்ததெல்லாம் அந்தக் கல்லை நம்பித்தான். பாறையில் அது இல்லை. ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். இறக்கவும் வழியில்லை, ஏறவும் தைரியம் இல்லை. ஒருவனுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது.

அவர் தோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கடைசி ஆளிலிருந்து தொடங்கி ஒவ்வொருவனுடைய சுமையாகத் தன் கையால் வாங்கி இறக்கினார். ஆறாவது சுமையை இறக்கியபோது அவருக்கு மூச்சு வாங்கிற்று. திட்டவில்லை. "ஏலே, ஒங்க ஊருல பாதிச் சுமையைக் கல்லுல்லா சுமக்குது. நீங்க ஒங்க தலைதான்னு நெனச்சிட்டிருக்கிய" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அடுத்த கோடையில் நான் கொஞ்சம் பயந்திருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சாக்கைப் போலவே அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. பரிசலில் ஏறியதும் முதுகிலிருப்பதைக் கழற்றித் தரையில் வைத்துவிட வேண்டும். யாரும் சாக்கோடு உட்காரக் கூடாது. "பரிசல்ல மனுசன் வேற, சாக்கு வேற" என்று தினமும் சொல்வார். கேட்டுக் கேட்டுச் சலித்த சுடலை, பெண்டாட்டியோடு சண்டை போட்ட ஒருவனிடம், "ஏலே, வீட்டுல நீ வேற, சாக்கு வேற, பைய கழத்தி வச்சிரு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். சின்னச் சாக்குகளை அவர் கொடுத்ததன் காரணமே அதுதான் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. தனியாக மாட்ட முடியாத சுமையை எவனும் பரிசலில் கழற்ற மாட்டான். கழற்றினால் அக்கரையில் தூக்கிவிட இரண்டு பேரைக் கெஞ்ச வேண்டும். ஆண்பிள்ளை கெஞ்ச மாட்டான், கழற்றாமலே உட்கார்ந்திருப்பான்.

மூன்றாம் கோடையில் நான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

எங்கள் சாமான் அவருடைய அளவுகளில் முப்பத்து நான்கு சுமை. ஆட்கள் இருபது. அதனால் ஒவ்வொரு பாறைக்கட்டிலும் பதினான்கு பேர் திரும்ப இறங்கி இன்னொரு முறை ஏறினார்கள். மேல் கசத்துக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று. கன்றைவிட ஒன்றரை மடங்கு பெரிய சாக்கு இருந்தால் இருபதே சுமை, ஒரே நடை, இரண்டே நாள். இதை ஒரு தாளில் எழுதி, குழுவுக்கு மேலதிகாரியாகக் கீழே இருந்த ஓவர்சியரிடம் கொடுத்தேன். ஓவர்சியர் சாரலுக்குப் பயந்துகொண்டிருந்தவர். தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஒண்ணு தைக்கச் சொல்லும். ஒரு வாரம் ஒரு ஆள் சுமந்து பார்க்கட்டும். சரிப்பட்டால் அடுத்த கோடைக்கு எல்லோருக்கும் அதுவே" என்றார். என்னை மெச்சினார். இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் என்னை ஒரு மேலதிகாரி மெச்சியது அது இரண்டாவது தடவை.

சுமைகாரர் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"முப்பத்தினாலு சுமை இருபதா ஆயிரும் வே. நீரே எண்ணிப் பாரும்."

"சுமை கொறையும் பிள்ளைவாள். முதுகு அதே இருபதுதான? யாரு முதுகுல ஏத்தப் போறிய?"

"சுடலை இருக்கான்லா."

"சுடலை மாட்டேன்னு சொல்ல மாட்டான். அவனுக்கு அதுதான் சீக்கு." பக்கத்தில் கிடந்த கன்றுச் சாக்கை எடுத்து அதன் வாரை இழுத்துப் பார்த்தார். "ஏழு நாளு நான் சுமக்குதேன். ஏழாம் நாளு ஆகாதுன்னு நான் சொன்னா ஆகாதுன்னு எழுதுவியளா?"

"எழுதுதேன்."

"நான் சொன்னதை அப்படியே?"

"அப்படியே."

அவருடைய மனைவி அந்தச் சாக்கைத் தைத்தாள். கோணி ஊசியை ஒவ்வொரு குத்துக்கும் நிறுத்தி நிறுத்தித் தைத்தாள். இவ்வளவு கனம் தோளிலிருந்து நழுவும் என்று நெஞ்சுக்குக் குறுக்கே முடிச்சுப் போட ஒரு வார் வைக்கச் சொன்னேன். மற்ற மூன்று அளவுகளிலும் அந்த வார் கிடையாது. சாக்கு வந்ததும் சுடலை, "இதுக்கு மாடுன்னு பேரு வைப்போமா?" என்றான்.

"பேரு வைக்காதலே. பேரு வச்சா நெலைச்சுப் போயிரும்" என்றார் அவர். அதனால் அது என் பதிவேட்டில் நான்காவது சாக்கு என்று மட்டுமே இருந்தது.

முதல் நாள் காலையில் அதை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, பழக்கம். பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை. இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கையை ஊன்றினார். அப்போதும் முடியவில்லை. சுடலையும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர் தரையைப் பார்த்தபடியே நடக்கத் தொடங்கினார். நான் அப்போதே எழுதியிருக்கலாம். அவர் கேட்டது ஏழாம் நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கேட்டேன். "எப்படி வே இருக்கு?"

"ஏழும் போவட்டும் பிள்ளைவாள். நடுவுல சொன்னா, சோம்பேறித்தனம்னு ஓவர்சியரு சொல்லிருவாரு." கழுத்து இரண்டு பக்கமும் தோல் வழண்டு சிவந்திருந்தது. என் குடை அப்போதும் அந்தச் சாக்கில்தான் செருகியிருந்தது.

கசங்களில் வழக்கமாக நான் கருவிகளோடு முதல் பரிசலில் போய்விடுவேன். அவர் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசிப் பரிசலில் வருவார். அதனால் இரண்டாம் நாளிலிருந்து அவர் பரிசலில் சாக்கைக் கழற்றுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அவரோடு வந்தவர்களுக்குத் தெரியும். யார் அவரிடம் போய்ச் சொல்வது?

ஆறாம் நாள், மூன்றாம் கசம். அளந்துகொண்டே ஏறியதால் அந்த வாரம் அவ்வளவு தூரம்தான் வந்திருந்தோம். நான் அக்கரையில் உயரமான ஒரு பாறைமேல் நின்று வந்த சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிப் பரிசலில் மூன்று வர வேண்டும். பரிசல் அறுபது எழுபது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. துடுப்புக்காரன், சுடலை, இன்னொருவன், முன்பக்கம் என்னைப் பார்த்து உட்கார்ந்தபடி அவர். பரிசலின் தரையில் இரண்டு சாக்குகள்தான் தெரிந்தன. மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

"மூணு வரணும்லா வே?" என்று சத்தம் போட்டேன். "ரெண்டுதான் இருக்கு. ஒண்ணை அங்கனயே விட்டுட்டு வாரியளா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இந்தா இருக்கு பிள்ளைவாள், எண்ணிக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே பாதி எழுந்து, முதுகை எனக்குக் காட்டத் திரும்பினார்.

சாக்கு முதலில் விளிம்பைத் தாண்டியது. அதன் பின்னால் அவர். பரிசல் ஒரு முறை சுழன்று நிமிர்ந்துகொண்டது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. அந்தக் கசம் மூன்று ஆள் ஆழம் என்று அன்று காலையில்தான் பதிவேட்டில் எழுதியிருந்தேன். சாக்குக்குள் இருந்தவை இரும்பு முளைகள்.

சுடலை உடனே குதித்தான். நான்கு முறை மூழ்கினான். ஐந்தாம் முறை அரிவாளை வாங்கிக்கொண்டு போனான். நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த வாரின் முடிச்சு தண்ணீரில் இறுகிவிட்டது, அறுத்துத்தான் எடுக்க முடிந்தது என்று பிறகு சொன்னான். கரையில் போட்டபோது உயிர் இல்லை. அவருடைய இரண்டு கையும் அந்த முடிச்சு இருந்த இடத்தில்தான் இருந்தன.

பிறகு சுடலை என்னிடம் வந்தான்.

"பிள்ளைவாள், ஓவர்சியரு வந்து கேப்பாருல்லா?"

"கேப்பாரு."

"பரிசல்லேருந்து எறங்கி, கன்னைத் தோளுல மாட்டையில பாறை வழுக்கிட்டுன்னு எழுதுங்க. நாலாவதுன்னா நம்ப மாட்டாரு, அதை ஒத்தையில மாட்ட முடியாதுல்லா. அண்ணாச்சி பரிசல்ல சாக்கோட ஒக்காந்திருந்தாருன்னு எங்க வாயால வராது."

மற்றவர்களைப் பார்த்தேன். பதினெட்டுத் தலைகள் அசைந்தன. நானும் தலையசைத்தேன். அவர்கள் அவருக்காக அசைத்தார்கள். நான் எதற்காக அசைத்தேன் என்று எனக்குத் தெரியும். நான் போட்ட சத்தமும் நான் தைக்கச் சொன்ன வாரும் அந்தப் பொய்யில் மறைந்துவிடும்.

நான்காவது சாக்கைக் கயிறு கட்டி மேலே இழுத்துக் கூடாரத்தில் போட்டுவிட்டு, அன்று மாலைக்குள் அவரைக் கீழே கொண்டுபோனோம். வீட்டில் பெண்கள் கூட்டம். அவருடைய மனைவி அழுது முடித்தவளைப் போல இருந்தாள், உண்மையில் இன்னும் அழத் தொடங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எந்தச் சாக்கு?"

"கன்னு" என்றேன்.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆணியில் அவருடைய கன்றுச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. நான்காவதைச் சுமக்கும் வாரத்தில் இது எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் அந்தச் சாக்கை ஆணியிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போங்க. கன்னுன்னு சொன்னா கன்னைக் காட்டணும்லா?" என்றாள். "நாலாவதைப் பரிசல்ல கழத்தியிருக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். ஊரு ஊராச் சொல்லிவச்ச மனுசன். அவரே சாக்கோட பரிசல்ல போனாருன்னா சிரிப்பாவ."

அந்தச் சாக்கை நான் ஆற்றில் நனைத்தேன். என் கையால், படித்துறையில் குனிந்து, இரண்டு முறை முக்கி எடுத்தேன். ஓவர்சியர் வந்து அதைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கேட்டார். பத்தொன்பது பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நான் அறிக்கை எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்தது. கடைசியில் அந்தச் சோதனையைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. நான்காவது சாக்கு ஐந்து நாள் சுமக்கப்பட்டது, அதனால் தொந்தரவு எதுவும் நேரவில்லை, விபத்து நடந்த அன்று அது கூடாரத்தில் இருந்தது. முன்னால் சொன்ன பொய்க்கு இது பொருந்த வேண்டுமே. அவர் ஏழாம் நாள் சொல்ல இருந்ததை அப்படியே எழுதுவதாக வாக்குக் கொடுத்தவன் நான்.

அடுத்த தை பிறந்ததும் உத்தரவு வந்தது. சோதனை திருப்தி. இருபது சாக்குகளும் நான்காம் அளவில், நெஞ்சு வாரோடு தைக்கப்பட வேண்டும்.

கோணித்துணிக் கட்டை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வேறு யாருக்கும் அந்த அளவு தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டைத் தொடவில்லை.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"சொல்லிருங்க பிள்ளைவாள்" என்றாள். "இப்பம் சொல்லிருங்க. அவரு பேரு போனாப் போவுது. உசிரோட இருக்கையில அவரு பேரைப் பாத்துக்கிட்டா இருந்தாரு?"

"சுடலைகிட்ட ஒரு வார்த்தை…"

"சுடலை சொன்னா நம்புவாவளா? அன்னைக்கு அவனே கன்னுன்னு சொல்லியிருக்கான். நீங்க எழுதினது. நீங்கதான் எழுதணும்." வாசல்வரை வந்து மறுபடி சொன்னாள். "நான் தைக்க மாட்டேன். ஆனா நான் தைக்காட்டா வேற எவனாவது தைப்பான். எழுதிருங்க."

அன்று வீட்டுக்கு வந்து எழுதினேன். நான்கு பக்கம். எந்தச் சாக்கு, யார் முதுகு, எந்தக் கசம், யார் சத்தம் போட்டது, எல்லாம். உறையில் போட்டேன். விலாசம் எழுதினேன். பிறகு பென்ஷனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினேன். இரண்டு வருஷம், மூன்று மாதம். பொய் அறிக்கை கொடுத்தவனுக்குப் பென்ஷன் உண்டா என்று விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். உறையைப் புத்தகத்தில் வைத்து மூடினேன். நாளைக்கு என்று நினைத்தேன்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு சாக்குக் கடையில் கொடுத்துத் தைத்தார்கள். மாதிரிக்கு அவர் சுமந்ததையே கொடுத்திருந்தார்கள். அறுத்த வாரை மட்டும் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

மலைக்குக் கிளம்பும் நாளில் சாக்குகளைக் கொடுப்பது என் வேலை. வரிசையாக வந்தார்கள். யாரும் யாருடைய முதுகையும் பார்க்கவில்லை. சுடலை முதலில் நின்றான். இப்போது அவன்தான் தலைவன். சாக்கை வாங்கிப் புரட்டினான். நெஞ்சு வாரை விரலால் இழுத்துப் பார்த்தான்.

"சுடலை, வேணும்னா…" என்று தொடங்கினேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

"என்ன செய்ய பிள்ளைவாள்?" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "நாம சொன்னதுதான? அண்ணாச்சி சாக்கோட போனாருன்னு இன்னிக்கும் என் வாயால வராது." சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்தவனுக்கு வழிவிட்டு நகர்ந்தான்.

இருபதையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துத் தெரியாதவர்களிடம் ரேகை வாங்கினேன். அன்று மத்தியானமே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினேன். அந்தக் கோடையில் மலைக்கு வேறொரு குமாஸ்தா போனான்.

வைகாசிக் கடைசியில் சாரல் பிடித்தது. குழு இறங்கிவிட்டது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.